ஐந்தாவது முறை கத்தி வெட்டவில்லை

கல்யாண வீட்டுக்குச் சவரம் செய்யப் போகிறவன் கிளம்பும் முன், கத்தி தீட்டும் தன் தோல் வாரை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் பார்க்கவில்லை. முப்பத்தொரு வருஷமாகத் தோகாத் ஊரில் கடை வைத்திருக்கிறேன். நோன்பு நாளிலும் தடவியிருக்கிறேன், காய்ச்சலோடும் தடவியிருக்கிறேன். ஒரே ஒரு நாள் தடவவில்லை. அந்த ஒரு நாள் என் சொந்த மாப்பிள்ளையின் கன்னத்தில் போய் விடிந்தது.

பெண்ணைப் பெற்றவனே மாப்பிள்ளைக்குச் சவரம் செய்வது எங்கள் ஊரிலும் வழக்கமில்லை. மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்கு வேண்டிய சவரக்காரனைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். முற்றத்தில் நாற்காலி, பக்கத்தில் மேளமும் சுர்னாக் குழலும், சுற்றிலும் பாதி ஊர். ஆனால் என் மாப்பிள்ளை தஹ்சினுக்கு என்ன கிறுக்கோ, நியாஸி உஸ்தா, அதாவது நான், வந்தால்தான் கழுத்தை நீட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்தான். அவன் அம்மா ஸாலிஹா ஒரு துண்டும் ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறையும் எடுத்துக்கொண்டு கடைக்கே வந்து அழைத்தாள். அழைப்புக்குத் துண்டு கொண்டுவந்தவளைத் திருப்பி அனுப்ப முடியுமா?

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவனைப் பிடிக்காது. என் கடைக்கு எதிர்க்கடையில் செம்புப் பாத்திரம் அடிக்கிறவன். காலையிலிருந்து மாலைவரை டங் டங் டங். அந்தச் சத்தத்தில் வாடிக்கைக்காரர் பேசுவது எனக்குக் கேட்காது, நான் பேசுவது அவருக்குக் கேட்காது. பேச்சில்லாமல் சவரக்கடை எப்படி நடக்கும்? போதாக்குறைக்குச் சுத்தியல் சத்தத்தில் அவனுக்கே காது பாதி போயிருந்தது. சலாம் சொன்னால்கூடச் சண்டைக்கு வந்தவன் மாதிரி கத்துவான். இவன் என் மகள் நெர்மினைப் பெண் கேட்டபோது இரண்டு தடவை மாட்டேன் என்றேன். மூன்றாவது தடவை என் மனைவி ஹாஜர் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அந்தச் சத்தத்தோட குடும்பம் நடத்தப் போறது அவ. அவளே சரிங்கிறா. உங்களுக்கு என்ன நோவு?"

எனக்கு என்ன நோவென்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. சரி என்றேன். சரி என்றது வாய்தான். பெண் கேட்டு முடிந்து, மோதிரம் மாற்றி, எட்டு மாதம் ஆகியும் அவன் என்னை உஸ்தா என்றுதான் கூப்பிட்டான். உஸ்தா என்றால் தொழில்காரர், கடைக்கு வருகிற எவனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். வேறு எப்படியும் கூப்பிடச் சொல்லி நானும் அவனுக்கு இடம் கொடுக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் நெர்மின் என் முன்னால் தேநீர்க் குவளையை வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"அப்பா, எனக்கு ஒரு சத்தியம் பண்ணிக் குடுக்கணும்."

"என்னடி?"

"நாளைக்கு அவருக்குச் சவரம் பண்றப்ப, கத்தி வெட்டலன்னு சொல்லக் கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாப்பிள்ளைச் சவரத்தின் உயிரே அதுதான். பாதிக் கன்னம் வழித்ததும் சவரக்காரன் கையைத் தூக்கி, "கத்தி வெட்டல!" என்பான். மேளம் நிற்கும். மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாராவது ஒரு கைக்குட்டையோ கோழியோ கொண்டுவந்து கொடுத்தால் கத்தி வெட்டும். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வெட்டாது. மசூதித் தெருச் சவரக்காரன் ஸெலாமி இப்படியே ஒரு கல்யாணத்தில் ஆட்டுக்குட்டிவரை போனான்.

"அதைச் சொல்லாட்டா அது சவரமாடி? சாவு வீடா அது?"

"அவங்க வீட்டுல குடுக்க ஒண்ணும் இல்லப்பா. நீங்க விளையாட்டுக்குச் சொல்லுவீங்க. அந்த அம்மாவுக்கு இல்லன்னு சொல்ல வராது. எதையாவது தேடி எடுத்துட்டு வந்து நிப்பாங்க. அப்புறம் நான் அந்த வீட்டுல போய் அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

ஸாலிஹா புருஷன் போன பிறகு பன்னிரண்டு வருஷமாக ஊரார் மெத்தைகளுக்கு உறை தைத்து தஹ்சினை வளர்த்தவள். நெர்மின் சொன்னது நியாயம்தான். மேஜையிலிருந்த ரொட்டியின் மேல் கை வைத்தேன். ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். ரொட்டிமேல் செய்த சத்தியத்தை மீறினால் அந்த ரொட்டியே அடிக்கும் என்பார்கள். எனக்கு அதில் பயம் உண்டு.

அன்று மாலை தஹ்சின் கடைக்கு வந்தான். "உஸ்தா! நாற்காலியையும் பெட்டியையும் நானே எடுத்துட்டுப் போயிடறேன். காலைல நீங்க கையை வீசிட்டு வந்தாப் போதும்!" என்று இரண்டு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினான். என் வீட்டில் மருதாணிச் சடங்குக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், எனக்கும் அவசரம். எடுத்துக்கொண்டு போ என்றேன். பெட்டியில் என் மூன்று ஜெர்மன் கத்திகள், சோப்புக் கிண்ணம், தூரிகை, அப்புறம் இரண்டு வார்கள்.

அந்த இரண்டு வார்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் மீதி புரியாது. ஒன்று கருப்பு வார். அதில் தீட்டுப் பசை பூசியிருக்கும், நாங்கள் அதை மருந்து என்போம். மாவைவிட நைசான மருந்து. வாரத்துக்கு ஒரு நாள், கத்தி சோர்ந்துபோனால், பத்து இழுப்பு அதில் இழுப்பேன். மற்றது வெறும் வார். அதில் மருந்தும் கிடையாது, எண்ணெயும் கிடையாது, என் உள்ளங்கைச் சூடு மட்டும்தான். ஒவ்வொரு முகத்துக்கும் முன்னால் அதில்தான் அறுபது இழுப்பு. இருபத்திரண்டு வருஷம் தடவித் தடவி அதைப் பட்டாக்கி வைத்திருந்தேன். கருப்பு வார் கெட்டுப்போனால் வேறு வாங்கலாம். வெறும் வாரில் ஒரு துளி மருந்து பட்டாலும் கதை முடிந்தது.

மறுநாள் காலையில் ஸாலிஹாவின் முற்றம் நிரம்பி வழிந்தது. மல்பெரி மரத்தடியில் என் நாற்காலி. மூலையில் அண்டாவில் கெஷ்கெக் வெந்துகொண்டிருந்தது, கோதுமையும் கறியும் குழைந்து அந்த மணம் பசியைக் கிளப்பியது. தஹ்சின் புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். அவன் தாடி செம்புக் கம்பி. நான் சோப்பைக் குழைத்துப் பூசினேன். மனசெல்லாம் வீட்டில் இருந்தது. நெர்மின் இந்நேரம் வெள்ளை உடுப்புப் போட்டிருப்பாள், மத்தியானத் தொழுகை முடிந்ததும் இவர்கள் வந்து அழைத்துப் போய்விடுவார்கள். கையில் நுரை, காதில் மேளம், நெஞ்சில் இந்த வேதனை. வெறும் வாரைக் கிளையில் மாட்டினேன், உள்ளங்கையால் தடவாமலே கத்தியைத் தீட்டத் தொடங்கிவிட்டேன்.

முதல் இழுப்பு இடது கன்னத்தில். கத்தி போகவில்லை. மயிரைப் பிடித்து இழுத்தது. தஹ்சின் கண்ணில் தண்ணீர் வந்தது. நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

சரி, கத்தி நேற்று எதிலாவது உரசியிருக்கும் என்று நினைத்து இன்னொரு நாற்பது இழுப்பு தீட்டினேன். இன்னும் மோசம். ரத்தம் ஒரு பொட்டு எட்டிப் பார்த்தது. நான் கையை இறக்கினேன். என்னை அறியாமல், பக்கத்தில் நின்ற மாப்பிள்ளைத் தோழன் கெனானிடம் மெதுவாகச் சொன்னேன்.

"கத்தி வெட்டலடா."

சொன்ன மறுநொடி நாக்கைக் கடித்துக்கொண்டேன். கெனான் என் கையைப் பிடித்து மேலே தூக்கிவிட்டான்.

"கேட்டீங்களா! கத்தி வெட்டலையாம்! மாப்பிள்ளைன்னு கூடப் பாக்காம ஆரம்பிச்சுட்டார்யா உஸ்தா!"

முற்றம் ஆரவாரித்தது. மேளம் நின்றது. ஸாலிஹா சிரித்துக்கொண்டே கூண்டிலிருந்து ஒரு சேவலைத் தூக்கி வந்து என் அக்குளில் திணித்தாள்.

"இந்தாங்க சம்பந்தி. இப்ப வெட்டுதா பாருங்க."

"சம்பந்தி, நான் நிஜமாத்தான்..."

"எல்லா சவரக்காரரும் நிஜமாத்தான் சொல்லுவாங்க" என்று ஒரு கிழவர் சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சேவலைக் கெனானிடம் தள்ளிவிட்டு இரண்டாவது கத்தியை எடுத்தேன். அதையும் அதே வாரில் தீட்டினேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்! முதல் கத்தியைவிட இது நன்றாக இழுத்தது, தோலோடு. தாங்க முடியாமல், "இதுவும் வெட்டல" என்று முனகினேன். சுர்னாக்காரன் வேண்டுமென்றே ஒரு ஒப்பாரி ஊதினான். ஸாலிஹா உள்ளே போய் ஒரு செம்புக் கிண்ணத்தோடு வந்தாள். மூன்றாவது கத்தி என் தாய்மாமன் கொடுத்தது, வாழ்நாளில் என்னைக் கைவிடாதது. அதற்கு நூறு இழுப்பு கொடுத்தேன். அது வெண்ணெய்கூட வெட்டாது போலிருந்தது. "சம்பந்தி, அல்லாஹ் மேல ஆணையா, கத்தி வெட்டல, நீங்க ஒண்ணும் கொண்டுவராதீங்க!" என்று கத்தினேன். அவள் காதில் விழுந்தது நடுவில் இருந்த இரண்டு வார்த்தை மட்டும். இந்தத் தடவை அவள் கொண்டுவந்தது புது மெத்தை உறை. யாருக்கோ தைத்தது இல்லை, பூ வேலை செய்தது. அது புதுப்பெண்ணுக்காகத் தைத்தது என்று பார்த்தாலே தெரிந்தது.

எனக்கு உடம்பு கூசியது. நெர்மின் மெத்தைக்குப் போட வேண்டிய உறையை அவள் அப்பன் பிடுங்கிக்கொண்டு நிற்கிறான். மாப்பிள்ளை ஒரு கன்னம் அரைகுறையாக, மூன்று பொட்டு ரத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறான். தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். கடவுளே, ரொட்டி அடிப்பது என்றால் இதுதானா?

வியர்வையைத் துடைக்க, வாரின் முனையைப் பிடித்த கையைத் தூக்கியபோது உள்ளங்கையில் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. மோந்து பார்த்தேன். கொழுப்பு வாடை. எத்தனையோ வருஷமாக எதிர்க்கடையிலிருந்து என் மூக்குக்கு வருகிற வாடை. கிளையில் தொங்கிய வாரை இழுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். தோல் நிறத்திலேயே, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, பாத்திரத்துக்கு மெருகு போடுகிற பாலீஷ் பூசியிருந்தது. செம்பை மினுக்குகிற அந்தக் கட்டி சவரக்கத்திக்கு மணலும் ஒன்று, அதுவும் ஒன்று.

"தஹ்சின்! இதுல யார்டா கைவச்சது?"

அவன் மலர்ந்துபோனான். அடப்பாவி, மலர்ந்தே போனான்.

"நான்தான் உஸ்தா! நேத்து பெட்டியத் திறந்து பாத்தேன். ஒரு வாருக்கு மருந்து இருந்துச்சு, இன்னொண்ணுக்கு ஒண்ணுமே இல்ல. கல்யாண அலைச்சல்ல மறந்துட்டீங்கன்னு நெனச்சேன். கடைல இருக்கறதுலயே நைசு கட்டிய எடுத்து, மூணு தடவை அரைச்சு, துணில சலிச்சு, கொழுப்பு உருக்கிப் பூசினேன். ஒரு இடத்துலயாவது திட்டு இருக்கா பாருங்க!"

திட்டு இல்லை. அதுதான் கொடுமை. அவ்வளவு அழகாகப் பூசியிருந்தான்.

"உன்னை யார்டா பூசச் சொன்னா? இருபத்திரண்டு வருஷ வார்டா இது!"

"யாரும் சொல்லல." அவன் முகம் மெல்ல விழுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவன் சின்னக் குரலில் பேசிக் கேட்டேன். "ராத்திரி பூரா மருதாணி வீடு, உங்களுக்குத் தூக்கம் இருக்காது. காலைல உங்க கை நோகாம கத்தி தானா ஓடட்டும்னு... தப்பு பண்ணிட்டேனா உஸ்தா?"

திட்ட வாயைத் திறந்தேன். வாரைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் கை நோகக் கூடாதென்று என் வீட்டில் யாரும் எனக்காக மருந்து அரைத்ததில்லை. தடவிப் பார்த்திருந்தால் முதல் நொடியிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். அவன் செய்தது தெரியாத்தனம். தெரிந்த நான் செய்தது என்ன? இரண்டு பேர் மேலும் வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"கத்தி வெட்டல! இனிமே வெட்டாது! வெறும் தோல் ஒண்ணு இல்லாம எவன் வந்தாலும் வெட்டாது!"

அது நான்காவது. ஸாலிஹா அண்டாப் பக்கத்திலிருந்து இந்த நான்காவதையும் கேட்டுவிட்டாள். வீட்டுக்குள் போனவள் இந்தத் தடவை சீக்கிரம் வரவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். அந்த வீட்டில் இனி என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். கடைசியில் அவள் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தது ஒரு இடுப்பு வார். அகலமான பழைய தோல் வார்.

"இதுக்கு மேல என்கிட்ட இல்ல சம்பந்தி" என்றாள். சிரிப்பு இன்னும் அவள் முகத்தில் இருந்தது, ஆனால் கண் நிறைந்திருந்தது. "இது அவங்க அப்பா கட்டினது. பெருநாளுக்குப் பெருநாள் எடுத்துத் துடைச்சு வைப்பேன். இவன் கல்யாணத்துக்கு அவர் சார்பா ஏதாவது குடுக்கணும்ல. வாங்கிக்கோங்க."

நான் அதை வாங்கினேன். என் கை அதுவாகவே அதன் மேல் போயிற்று. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை உள்ளங்கையால் தடவினேன். எண்ணெய் இல்லை, தூசி இல்லை, ஒரு மணல்கூட இல்லை. இருபது வருஷம் ஒரு மனுஷன் இடுப்பிலும், பன்னிரண்டு வருஷம் ஒரு பெண்ணின் கையிலும் பழகிய தோல். பட்டு!

"கெனான்! இந்தக் கொக்கிய அந்தக் கிளைல மாட்டு! எல்லாரும் தள்ளுங்கய்யா!"

கத்தியிலிருந்த பாலீஷைத் துணியால் மூன்று தரம் துடைத்தேன். கருப்பு வாரில் பொறுமையாக முப்பது இழுப்பு. மறுபடி துடைத்தேன். அப்புறம் அந்த இடுப்பு வாரில் அறுபது. இழுக்க இழுக்கச் சத்தம் மாறியது, தோல் கத்தியைப் பிடித்துவிட்டது என்று என் மணிக்கட்டுக்குத் தெரிந்தது. புது நுரை போட்டுக் கன்னத்தில் வைத்தேன். ஒரே இழுப்பில் காதிலிருந்து தாடைவரை செம்புக் கம்பியெல்லாம் வழித்துக்கொண்டு வந்தது. கத்தி போனதே அவனுக்குத் தெரியவில்லை.

"வெட்டுது!" என்று நான் போட்ட கூச்சலில் சேவல் கெனான் கையிலிருந்து பறந்தது. எத்தனையோ கல்யாணத்தில் பரிசு வாங்கிக்கொண்டு இப்போது வெட்டுகிறது என்று பொய் சொல்லியிருக்கிறேன். பரிசு கொடுத்ததும் உண்மையாகவே கத்தி வெட்டியது அன்றுதான். மேளக்காரன் வெறி பிடித்தவன் மாதிரி அடித்தான்.

சவரம் முடிந்தது. குழந்தைக் கன்னம் மாதிரி இருந்தது. கிளையிலிருந்து வாரை எடுத்தேன். சவரக்காரனுக்குக் கொடுத்த பரிசைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது, அது அவமரியாதை. அதனால் திருப்பிக் கொடுக்கவில்லை. தஹ்சினை எழுந்து நிற்கச் சொல்லி, புதுச் சட்டைக்கு மேல் அதை என் கையாலேயே அவன் இடுப்பில் கட்டினேன். கிண்ணமும் உறையும் பெண்ணுக்கு என் சீர் என்று ஸாலிஹாவிடம் வைத்தேன். சேவலை மட்டும் யாராலும் பிடிக்க முடியவில்லை.

துண்டை உதறப் போனவன், திரும்பி அவனை நாற்காலியில் அழுத்தி உட்கார வைத்தேன். நன்றாகக் கேட்கிற காதாகப் பார்த்துக் குனிந்தேன்.

"கத்தி வெட்டல."

அவன் மிரண்டுபோனான். "முடிஞ்சுதே உஸ்தா! இனி வீட்டுல ஒண்ணுமே இல்லையே!"

"இருக்கு. இன்னைலேருந்து என்னை உஸ்தான்னு கூப்பிடாதே. அதுக்குத்தான் வெட்டல. என்னன்னு கூப்பிடணும்னு உனக்கே தெரியும். இப்ப வேணாம், என் வீட்டு வாசல்ல வந்து கூப்பிடு."

அவன் சோப்பு வாசனை அடிக்கிற முகத்தை என் கையில் வைத்து அழுதான். எனக்கும் வந்தது. கண்ணில் நுரை பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்தபோது நெர்மின் தயாராக நின்றாள். அவள் இடுப்பில் சிவப்பு நாடாவை வழக்கப்படி நான்தான் கட்ட வேண்டும். கட்டிக்கொண்டிருக்கும்போதே கேட்டாள்.

"அப்பா, எத்தனை தடவை சொன்னீங்க?"

"அஞ்சு."

"அஞ்சா! ரொட்டிமேல சத்தியம் பண்ணீங்களே அப்பா!"

"நாலு நிஜம்டி. வேணா ஊரைக் கேளு."

"அப்ப அஞ்சாவது? அதுக்கு என்னத்தைப் பிடுங்கிட்டு வந்தீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் தெருமுனையில் மேளம் வந்துவிட்டது. ஹாஜர் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள். பெண் வீட்டார் கதவைச் சாத்திவைத்து, ஏதாவது வாங்கிக்கொண்டுதான் திறப்பார்கள். வெளியே காலடிகள் நின்றன. மேளமும் நின்றது. பிறகு செம்புப் பட்டறைக் குரல் நான்கு தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தியது.

"அப்பா! நான்தான் வந்திருக்கேன்! கதவைத் திறங்க, அப்பா!"

நெர்மின் என்னைப் பார்த்தாள்.

"இதுதான் அஞ்சாவது" என்றேன்.

வழக்கப்படி கதவைத் திறக்க இன்னும் ஏதாவது கேட்டு வாங்கியிருக்க வேண்டும். ஒன்றும் கேட்காமலே திறந்துவிட்டேன்.